தோவாளை மட்டும் ஏன் வரவில்லை?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, அருமனைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தேன். அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள் ஏஐ படி என்கிறார்கள், மறுநாள் சைபர் செக்யூரிட்டி என்கிறார்கள். டிஎஸ்ஏ, அதாவது தரவுக் கட்டமைப்பும் அல்காரிதமும், போடாமல் வேலையே கிடைக்காது என்று சீனியர்கள் சொல்கிறார்கள். எதில் இறங்குவது என்று தெரியவில்லை. நானாகப் பிடித்துச் செய்தது ஒன்றுதான். நம் குமரி மாவட்டத்து ஊர்ப் பெயரைத் தமிழில் தட்டினால் அங்கே எந்த பஸ் போகும் என்று காட்டும் சின்ன புரோகிராம், பைத்தானில். அதில் குளச்சல், தக்கலை, நாகர்கோவில் எல்லாம் வருகிறது. தோவாளையும் கொல்லங்கோடும் பட்டியலில் இருந்தும் வரவில்லை. 'தமிழ் சர்ச் வேலை செய்யல, யாராவது ஹெல்ப் பண்ணுங்க' என்று ஸ்கிரீனை போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன். ஒருவன் சிரிப்பு ஸ்டிக்கர் போட்டான். இன்னொருவன் 'சாட்ஜிபிடிகிட்ட கேளு' என்றான். அதிலிருந்து எங்கேயும் கேட்க வெட்கமாக இருக்கிறது. ஆர்வமுள்ள நாலு பேர் இருக்கிறோம். சென்னையில் இருப்பதுபோல் இங்கே ஒரு குழு தொடங்க முடியுமா, இல்லை, இதெல்லாம் பெரிய ஊர்க்காரர்களுக்குத்தானா? என்னிடம் இருப்பது 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். அப்பாவிடம் புதிது கேட்க மனமில்லை. இன்னொன்று, ஊர்ப் பட்டியலில் பாதி நானே அடித்தது. மீதி, ஒரு டைப்பிங் சென்டரில் கிடைத்த, பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை இணையத்தில் யூனிகோடாக மாற்றிச் சேர்த்தது.

பதில்: தம்பி, எந்தத் துறை என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் தோவாளையைப் பார்த்துவிடுவோம். உங்கள் கடிதத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான். விடையும் பாதிக்கு மேல் நீங்களே எழுதிவிட்டீர்கள், கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

வராத பெயர்களைப் பாருங்கள்: தோவாளை, கொல்லங்கோடு. வரும் பெயர்களைப் பாருங்கள்: குளச்சல், தக்கலை. வராத இரண்டிலும் ஒகரமோ ஓகாரமோ ஏறிய எழுத்து இருக்கிறது. தோ, கொ, கோ. குளச்சலிலும் தக்கலையிலும் அப்படி எதுவும் இல்லை. சரி, அப்படியானால் நாகர்கோவில் எப்படி வருகிறது, அதிலும் கோ இருக்கிறதே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கான விடை, நீங்கள் போகிறபோக்கில் சொன்ன கடைசி வரியில் இருக்கிறது. நாகர்கோவில் நீங்களே அடித்த பாதியில் இருக்கும், தோவாளையும் கொல்லங்கோடும் பாமினியிலிருந்து மாற்றிய பாதியில் இருக்கும் என்பது என் ஊகம். சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் 'தோ' என்பதை மூன்று துண்டாக அடிப்பார்கள். முதலில் இரட்டைக் கொம்பு, அப்புறம் த, கடைசியில் துணைக்கால். யூனிகோடில் முதலில் த, அதன்பின் ஓகாரக் குறி. அந்த ஓகாரக் குறியை இரண்டு விதமாக வைக்கலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக வைக்கலாம். கொம்பு ஒரு குறி, கால் ஒரு குறி என்று இரண்டாகவும் வைக்கலாம். இரண்டும் ஒன்றே என்றுதான் யூனிகோட் விதி சொல்கிறது, திரையிலும் இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி தெரியும். ஆனால் இரண்டு சொற்களும் சமமா என்று பைத்தானிடம் கேட்டால், ஒவ்வொரு குறிக்கும் யூனிகோட் கொடுத்திருக்கும் எண்களைத்தான் அது ஒப்பிடும். நீங்கள் தட்டும் விசைப்பலகை ஒரே குறியாகத் தருகிறது. பாமினியை யூனிகோடாக மாற்றிய அந்த இணையக் கருவி, கொம்பைப் பின்னால் தள்ளிவிட்டு, காலைத் தனியாகவே விட்டிருக்க வேண்டும்.

இதை நான் சொன்னேன் என்று நம்ப வேண்டாம். பட்டியலில் உள்ள தோவாளையின் முதல் எழுத்துகளை 'ஆர்ட்' (ord) செயற்கூறில் ஒவ்வொன்றாகக் கொடுத்து எண்ணை அச்சிடுங்கள். நீங்கள் இப்போது தட்டும் தோவாளைக்கும் அதேபோல் செய்யுங்கள். தட்டியதில் 2980, 3019 என்று தொடங்கும். பட்டியலில் உள்ளது 2980, 3015, 3006 என்று தொடங்கினால் என் ஊகம் சரி. நீளத்தை எண்ணிச் சொல்லும் 'லென்' (len) கொடுத்துப் பார்த்தாலும் தெரியும். ஒன்று 6 என்று சொல்லும், மற்றது 7 என்று சொல்லும். நம் கண்ணுக்கு மூன்றே எழுத்து. தீர்வு ஒரு வரிதான்: பைத்தானோடு வரும் 'யூனிகோட்டேட்டா' (unicodedata) தொகுதியில் 'நார்மலைஸ்' (normalize) இருக்கிறது, அதை 'என்எஃப்சி' (NFC) என்ற வடிவம் சொல்லி அழைத்தால் பிரிந்து கிடக்கும் குறிகள் ஒன்றாகும். பட்டியலைப் படிக்கும்போது ஒருமுறை, தேடும் சொல் உள்ளே வரும்போது ஒருமுறை, இரண்டு இடத்திலும் போட வேண்டும்.

இப்போது வெட்கத்துக்கு வருவோம். சிரிப்பு ஸ்டிக்கர் போட்ட பையன் செய்தது தப்பு, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் நல்ல மனதுள்ள ஒருவர் அந்தக் குழுவில் இருந்திருந்தாலும் உங்களுக்கு உதவியிருக்க முடியாது. 'தமிழ் சர்ச் வேலை செய்யல' என்பதில் எதைத் தட்டினீர்கள், என்ன வந்தது, என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள் என்று எதுவும் இல்லை. போட்டோவில் உள்ள வரிகளை யாரும் எடுத்து ஓட்டிப் பார்க்க முடியாது. எனக்கு எழுதிய கடிதத்தில் நீங்கள் வருகிற பெயரையும் வராத பெயரையும் சொன்னீர்கள், பட்டியல் எங்கிருந்து வந்தது என்றும் சொன்னீர்கள். அதனால்தான் உங்கள் லேப்டாப்பைத் தொடாமலே இவ்வளவு தூரம் என்னால் ஊகிக்க முடிந்தது. கேட்கத் தெரியாதவர் இல்லை நீங்கள். குழுவில் அவசரப்பட்டீர்கள், கடிதத்தில் நிதானமாக எழுதினீர்கள், அதுதான் வித்தியாசம்.

அதே கேள்வியை நான் குழுவில் போட்டிருந்தால் இப்படிப் போட்டிருப்பேன்: "பைத்தான் 3, விண்டோஸ் 10. ஊர்ப் பெயர்கள் ஒரு லிஸ்டில் இருக்கின்றன. 'தக்கலை' என்று தட்டினால் கிடைக்கிறது. 'தோவாளை' லிஸ்டில் கண்ணால் பார்த்தால் இருக்கிறது, ஆனால் தேடினால் இல்லை என்கிறது. 'கொல்லங்கோடு' அதேபோல். கோப்பின் என்கோடிங் யூடிஎஃப்-8தான், பார்த்துவிட்டேன். முன்பின் ஸ்பேஸ் இருக்கிறதா என்று ஸ்ட்ரிப் போட்டும் பார்த்தேன், மாற்றமில்லை. இந்தப் பெயர்கள் பாமினியிலிருந்து மாற்றியவை. இரண்டே பெயர்களை வைத்து ஐந்து வரியில் பிழையை வரவைத்திருக்கிறேன், கீழே ஒட்டியிருக்கிறேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் வேலையே இருக்கிறது. பெரிய புரோகிராமிலிருந்து பஸ் நேரத்தை எடுத்துவிடுங்கள், பிழை நிற்கிறதா? மெனுவை எடுத்துவிடுங்கள், நிற்கிறதா? கோப்பிலிருந்து படிப்பதற்குப் பதில் இரண்டு பெயரை நேராக ஒட்டிப் பாருங்கள், இன்னும் நிற்கிறதா? இப்படிச் சுருக்கிக்கொண்டே போகும்போது பத்தில் பாதித் தடவை விடை தானாகவே கண்ணில் படும், யாரிடமும் கேட்க வேண்டியிராது. மீதிப் பாதியில், ஐந்து வரிக் கேள்வியாக அது மற்றவர் கைக்குப் போகும். வேலை செய்யும் இடத்திலும் நான் நாள் முழுக்கச் செய்வது இதைத்தான். புது நிரல் எழுதும் நேரத்தைவிட, ஒரு பிழையை அதன் மிகச் சிறிய வடிவத்துக்குக் கொண்டுவரும் நேரம்தான் அதிகம்.

சாட்ஜிபிடியிடம் கேள் என்றவனையும் நான் முழுசாகத் தள்ள மாட்டேன். 'தமிழ் தேடல் வேலை செய்யவில்லை' என்று கேட்டால் அது என்கோடிங்கை மாற்று, எழுத்துருவை மாற்று என்று பொதுவாக எதையாவது அடுக்கும். மேலே உள்ள கேள்வியைக் கொடுத்தால் சரியான இடத்தைத் தொட நிறைய வாய்ப்புண்டு. ஆனால் அது சொன்னதை ஓட்டிப் பார்த்து, ஏன் சரியானது என்று உங்கள் நோட்டில் இரண்டு வரி எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். அந்த இடத்தில் விடாதீர்கள்.

ஆங்கிலம் பற்றி நீங்கள் நேராகக் கேட்கவில்லை, தமிழ்வழி என்று சொன்னதில் அந்தக் கவலை தெரிகிறது. முதலில் தமிழிலேயே கேள்வியை எழுதுங்கள். எழுதி முடித்ததும் அதைச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக மாற்றுங்கள். பிழைச் செய்தியை மட்டும் ஓர் எழுத்துகூட மாற்றாமல் அப்படியே ஒட்டுங்கள். இலக்கணப் பிழைக்காக யாரும் உதவாமல் போவதில்லை, தகவல் இல்லாததால்தான் போகிறார்கள். தமிழிலேயே படிக்க விரும்பினால் 2012 முதல் இயங்கும் 'கணியம்' இணைய இதழ் இருக்கிறது. லினக்ஸ், பைத்தான், தரவுத்தளம் என்று நிறைய கட்டுரைகளும் இலவச மின்னூல்களும் அதில் உண்டு.

சரி, எந்தத் துறை? மக்களே, தோவாளையைக் கையில் வைத்துக்கொண்டு துறையைத் தேட வேண்டாம். அந்த ஒரே கேள்வி எங்கெங்கே போகிறது என்று பாருங்கள்.

நாகர்கோவில் என்று சிலர் தட்டுவார்கள், நாகர்கோயில் என்று சிலர் தட்டுவார்கள். இரண்டையும் உங்கள் புரோகிராம் ஏற்க வேண்டாமா? ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்றக் குறைந்தது எத்தனை திருத்தம் வேண்டும் என்று கணக்கிடும் முறையை 1965ல் ரஷ்யரான லெவன்ஷ்டைன் வரையறுத்தார். இந்த இரண்டு பெயர்களுக்கும் இடையே உள்ள தூரம் 1, வகரம் யகரமாவதுதான். அதைக் கணக்கிட, சின்னக் கணக்குகளின் விடையைச் சேர்த்துவைத்துப் பெரிய கணக்கைத் தீர்க்கும் டைனமிக் புரோகிராமிங் வேண்டும். சீனியர்கள் போடச் சொல்லும் டிஎஸ்ஏவில் அதுவும் ஒரு பாடம். உங்கள் சொந்தத் தேவைக்காகப் போட்டால் மறக்காது. பார்க்க ஒன்றுபோல் இருந்தும் உள்ளே எண்கள் வேறாக இருக்கும் இரண்டு பயனர் பெயர்களை ஒரு தளம் அனுமதித்தால் என்ன ஆகும்? ஒருவர் இன்னொருவராக நடிக்கலாம். அது சைபர் செக்யூரிட்டி. தமிழ் வாக்கியத்தை சாட்ஜிபிடி போன்றவற்றின் மொழி மாதிரிகள் எப்படித் துண்டுகளாக உடைக்கின்றன, அதே பொருளுள்ள ஆங்கில வாக்கியத்தைவிடப் பெரும்பாலும் ஏன் அதிகத் துண்டுகள் வருகின்றன என்று பார்க்கத் தொடங்கினால் அது ஏஐ.

எனக்கு மனதுக்கு நெருக்கமானது இன்னொன்று. 2017 நவம்பர் இறுதியில் ஓகி புயல் வந்தபோது தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்த பல படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையிலிருந்து சில மைல் தாண்டினால் செல்போன் சிக்னல் கிடையாது. 2019ல் ககன் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை அனுப்பும் 'ஜெமினி' கருவியை அறிமுகப்படுத்தினார்கள். செய்தி கடலுக்குப் போகும், கடலிலிருந்து பதில் திரும்பி வராது. இங்கே ஒரு கணினி மாணவர் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. இடம் குறைவான வழியில் தமிழ்ச் செய்தியை எப்படி அடக்குவது?

சாதாரண எஸ்எம்எஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செய்திக்கு 140 பைட். ஆங்கிலத்தில் எழுத்துக்கு 7 பிட், ஆக 160 எழுத்து பிடிக்கும். தமிழுக்கு 16 பிட், ஆக 70 இடம்தான். 'கன்னியாகுமரி' என்ற பெயர் மட்டும் 12 இடம் எடுக்கும், புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி இடம் என்பதால். 'கடலுக்குப் போக வேண்டாம்' 23 இடம். அப்புறம் தேதி, காற்றின் வேகம், திசை எல்லாம் சொல்ல வேண்டும். இந்த 70 இடத்துக்குள் எதைச் சொல்வது, எதை விடுவது, அடிக்கடி வரும் சொற்களுக்குச் சிறிய குறியீடு கொடுத்தால் எவ்வளவு மிச்சமாகும்? அடிக்கடி வருவதற்குச் சிறிய குறியீடு என்பதைக் கச்சிதமாகச் செய்யும் முறையை ஹஃப்மன் 1952ல் வெளியிட்டார். கண்டுபிடித்தபோது அவர் எம்ஐடியில் மாணவர். இறுதித் தேர்வு எழுதுங்கள், இல்லையென்றால் இந்தக் கணக்கைக் கட்டுரையாக எழுதுங்கள் என்று பேராசிரியர் ஃபானோ சொன்னார். அது அதுவரை யாரும் தீர்க்காத கணக்கு என்பதை மட்டும் வகுப்பில் சொல்லவில்லை. உங்கள் நாலு பேரில் ஒருவர் வீட்டிலாவது கடலுக்குப் போகிறவர்கள் இருந்தால், வானிலை எச்சரிக்கைச் செய்திகள் பழையவை அவர்கள் போனில் கிடக்கும். ஒரு நூறு செய்தி சேர்த்து, எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

வேலைக்கான தயாரிப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. கல்லூரிக்கு வரும் நிறுவனங்கள் டிஎஸ்ஏ கேட்கும், கேட்கத்தான் செய்யும். தினம் ஒரு கணக்கு போடுங்கள், அது போதும். மற்ற நேரத்தை உங்களை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும் கேள்விக்குக் கொடுங்கள். இரண்டாம் ஆண்டில் துறையை முடிவு செய்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது.

குழு பற்றிச் சொல்கிறேன். முடியும். நாலு பேர் தாராளம். சென்னையில் லினக்ஸ் பயனர் குழு 1990களின் இறுதியிலிருந்து இருக்கிறது. விழுப்புரத்திலும் குனு லினக்ஸ் பயனர் குழு நடத்துகிறார்கள், கிராமத்து மாணவர்களுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். விழுப்புரத்தில் முடியும் என்றால் மார்த்தாண்டத்திலும் முடியும். பெரிய ஊர்க்காரர்களுக்குத்தானா என்று கேட்டீர்கள். சரக்கல்விளையில் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, நாகர்கோவிலில் கணிதப் பட்டம் வாங்கி, பின்னாளில் இஸ்ரோ தலைவரான கே. சிவன், ராக்கெட்டின் பாதையைக் கணினியில் கணித்துக் காட்டும் 'சிதாரா' என்ற மென்பொருளை வடிவமைத்தவர். அவர் ஊர் உங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம்.

ஆனால் முதல் நாளே பெயர் வைப்பது, லோகோ போடுவது, தலைவர் செயலாளர் போடுவது வேண்டாம். குழுக்கள் அங்கேதான் முடிந்துபோகின்றன. வேலைவாய்ப்புச் செய்தியும் கோர்ஸ் லிங்கும் பகிர ஏற்கெனவே உங்களுக்கு ஒரு குழு இருக்கிறது, இன்னொன்று தேவையில்லை. வாரம் ஒருமுறை நேரில் கூடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பாதிப் பேர் தேவாலயத்துக்குப் போவார்கள், ஆகவே சனிக்கிழமை மதியம் சரியாக இருக்கும். பெண் பிள்ளைகளும் வந்து, பொழுது இருக்கும்போதே பஸ் பிடித்து வீட்டுக்குப் போக வேண்டும். அதற்கேற்ற நேரமும் நாலு பேர் நடமாடும் இடமும் பாருங்கள். நம் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் படிப்பகம் இருக்கிறது, கிளை நூலகம் இருக்கிறது. ஒரு மேசையும் ஒரு பிளக் பாயின்ட்டும் கேட்டால் தருவார்கள்.

கூடுகிற அன்று ஒருவர் தான் மாட்டிக்கொண்ட இடத்தைக் கொண்டுவர வேண்டும். முடித்த புராஜெக்ட்டைக் காட்டுவதற்கு அல்ல அந்த நேரம். மாட்டிய இடத்தை மற்றவர்கள் முன் சொல்லட்டும், மற்ற மூவரும் கேள்வி மட்டும் கேட்கட்டும், கீபோர்டைப் பிடுங்கக் கூடாது. எப்போதிலிருந்து வரவில்லை, எது வருகிறது, எதை மாற்றினாய் என்று கேட்டால் போதும். விடை கிடைத்தால் தேதி போட்டு ஒரு பொது நோட்டில் தமிழில் எழுதி வையுங்கள்: பிழை என்ன, காரணம் என்ன, எப்படிக் கண்டுபிடித்தோம். கிடைக்காவிட்டால், அதை ஐந்து வரிக் கேள்வியாக்கி வெளியே அனுப்புங்கள், நாலு பேர் பெயரும் போட்டு. தனியாகக் கேட்கும்போது வரும் கூச்சம் நாலு பேராகக் கேட்கும்போது வராது. புதிதாக வருகிறவர் எவ்வளவு எளிய கேள்வி கேட்டாலும் சிரிக்கக் கூடாது என்பதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். அந்தச் சிரிப்பு என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் கூட்டத்துக்கு ஒரு கேள்வியும் தருகிறேன். நார்மலைஸ் போட்ட பிறகும் சில பெயர்கள் வராது. ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் போட்டு 'கெளரி' என்று அடிப்பவர்கள் ஏராளம். 'கௌரி' என்று தேடினால் அது கிடைக்காது. கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் யூனிகோட் விதிப்படி இரண்டும் வேறு வேறு. கெளரியை எல்லாம் கௌரி ஆக்கிவிடலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் 'கெளுத்தி' மீன் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இதற்கு ஒரு வரித் தீர்வு கிடையாது, நாலு பேரும் உட்கார்ந்து பேச வேண்டியது.

லேப்டாப்பை மாற்ற வேண்டாம். 4 ஜிபியில் பைத்தான், சி, எஸ்க்யூலைட் எல்லாம் நன்றாக ஓடும். விண்டோஸ் தடுமாறினால் லுபுண்டு போன்ற இலகுவான லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குமுன் உங்கள் கோப்புகளை ஒரு பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். ஏஐ மாதிரி பயிற்சி போன்ற கனமான வேலைக்குக் கூகுள் கோலாப் இலவசமாகவே போதும், அது ஓடுவது அவர்கள் கணினியில். உள்ளே இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், கையில் கொஞ்சம் பணம் சேரும்போது எஸ்எஸ்டி மாற்றுங்கள், வேகம் உடனே தெரியும். ராம் கூட்ட காலி ஸ்லாட் இருக்கிறதா என்று மார்த்தாண்டத்தில் சர்வீஸ் கடையில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். சில மாடல்களில் ராமை போர்டிலேயே ஒட்டியிருப்பார்கள், அதைப் பார்க்காமல் காசு கொடுத்து வாங்கிவிடாதீர்கள்.